ஈரநிலத்தில் பறவை பார்க்கப் போகும் முன்: வாசகர் கேள்வி பதில்

ஈரநிலப் பூங்காக்களுக்குக் குழுவாகச் சென்று பறவை பார்ப்பது குறித்து ஐயமுள்ள வாசகர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் பலருக்கும் பயன்படும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் கோயில் மாதர் குழுவில் ஏறத்தாழ முப்பது பேர் இருக்கிறோம். ஒரு வார இறுதியில் பேருந்து பேசிக்கொண்டு பறவை பார்க்கப் போக விரும்புகிறோம். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் எந்த இடம் பொருத்தமாக இருக்கும்? முப்பது பேரும் சேர்ந்து நடக்கலாமா?
இல்லத்தரசி, செந்தூல்

பதில்: முப்பது பேரும் ஒரே பேருந்தில் போகலாம், ஒரே கூட்டமாக நடக்க வேண்டாம். குறுகிய பாதையில் முப்பது பேர் வரிசையாக நடக்கும்போது, முன்னால் செல்பவர் ஒரு கொக்கைச் சுட்டிக்காட்டி, அந்தச் செய்தி கடைசியில் வருபவரின் காதுக்கு எட்டுவதற்குள் கொக்கு எழுந்து பறந்திருக்கும். பின்னால் வந்தவர்களின் ஏமாற்றத்தைக் காட்டிலும், இரை தேடிக்கொண்டிருந்த ஒரு பறவையை நாம் எழுப்பிவிட்டோம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பறந்து எழும் ஒவ்வொரு முறையும் அது தின்று சேர்த்த ஆற்றலைச் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் அகப்பட்டிருக்க வேண்டிய மீனையும் இழக்கிறது. ஆகவே எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவுக்கும் வழி தெரிந்த ஒருவரை முன்னாலும் பொறுமையுள்ள ஒருவரைப் பின்னாலும் நிறுத்தி, முடிந்தால் வெவ்வேறு பாதைகளிலும், முடியாவிட்டால் கால் மணி நேர இடைவெளி விட்டும் புறப்படுங்கள். சிறு குழுவாகச் செல்வதில் உண்மையான நன்மை உண்டு: பத்துப் பேருக்கு இருபது கண்கள். நாணலுக்குள் அசையாமல் நிற்கும் மஞ்சள் குருகைத் தனியாக நடப்பவர் தாண்டிப் போய்விடுவார். குழுவில் யாரேனும் ஒருவர் கண்டுவிடுவார்.

இடத்தைப் பொறுத்தவரை, முதன்முறை செல்லும் உங்களுக்கு மூன்றைச் சொல்வேன். முதலாவது புத்ராஜெயா ஈரநிலப் பூங்கா. இது 1997, 1998 ஆம் ஆண்டுகளில் மனிதர் அமைத்த ஈரநிலம். சுவாவ், பீசா ஆறுகளில் வரும் நீர் புத்ராஜெயா ஏரியைச் சேரும் முன், நாணலும் கோரையும் நடப்பட்ட குளங்களில் தங்கித் தங்கி ஓடி, அங்கே தன் வண்டலையும், உரங்களிலிருந்து வரும் மிகைச் சத்தையும் விட்டுச்செல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. புத்ராஜெயா எழுந்த நிலம் பிராங் பெசார் முதலிய தோட்டங்களாக இருந்தது என்பதையும், நம்மவர் பலர் அங்கே பால் மரம் வெட்டியவர்கள் என்பதையும் உங்கள் குழுவில் மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். பாதைகள் அகலமானவை, சமமானவை; முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றவை. இரண்டாவது டெங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலம். அங்குள்ள ஏரிகள் பழைய ஈயக் குட்டைகள். சுரங்க வேலை நின்ற பிறகு தாமரையும் நாணலும் வளர்ந்து, இன்று நீலத் தாழைக்கோழிகள் தம் நீண்ட விரல்களால் தாமரை இலைகளை மிதித்து நடக்கும் இடமாக மாறிவிட்டன. அதைப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. மூன்றாவது கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987 இல் உருவான இப்பூங்கா மலேசிய இயற்கைச் சங்கத்துடன் நெருங்கிய தொடர்புடையது. அலையாத்திக் காடும் உப்பங்கழியும் பக்கத்திலேயே புக்கிட் மெலாவத்தி குன்றும் இருப்பதால், ஒரே காலைப் பொழுதில் மூன்று வகையான வாழிடங்களின் பறவைகளைக் காணலாம். ஆனால் தொலைவு அதிகம், மரப்பாலங்கள் மழைக்குப் பின் வழுக்கும். உங்கள் குழுவுக்கு முதலில் புத்ராஜெயாவையே பரிந்துரைக்கிறேன். எங்கே சென்றாலும், திறக்கும் நேரத்தையும் எந்தப் பாதை பழுதுபார்ப்பில் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் கதிரவன் காலை ஏறத்தாழ 7.00 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் எழுவதால், 7.30 மணிக்கு நடக்கத் தொடங்கினால் 10.00 மணிக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வெயிலில் பறவைகளும் நிழல் தேடி ஒதுங்கிவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் ஒன்றைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். அதிகமாகப் பெரிதாக்கினால் நல்லதுதானே? நான் மூக்குக் கண்ணாடி அணிபவன்.
ஓய்வுபெற்ற பொறியாளர், பெட்டாலிங் ஜெயா

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. பைனாகுலரில் 8x42 என்று எழுதியிருந்தால், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்புறக் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 8x42 இல் அது 5.25 மில்லிமீட்டர், 10x42 இல் 4.2 மில்லிமீட்டர். இருபது மடங்கு பெரிதாக்கும் கருவியில் முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் இருந்தாலும் 2.5 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அதிகாலை மங்கலில், அலையாத்தி நிழலில், அது இருண்ட படத்தையே தரும். அதைவிடப் பெரிய குறை, கையின் சிறு நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கிக் காட்டுவது. பார்வைப் பரப்பும் மிகக் குறுகிவிடுவதால், பறந்து செல்லும் பறவையை அதற்குள் பிடிக்கவே முடியாது. ஈரநிலத்துக்கு 8x42 போதும். தொலைவில் உள்ள சேற்றுப் பரப்பைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி வேறு. குழுவில் ஒருவரிடம் ஒன்று இருந்தால் எல்லாரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சில நூறு ரிங்கிட்டிலேயே நல்ல 8x42 கிடைக்கிறது.

கண்ணாடி அணிபவர், கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தைத் திருகி முழுவதும் உள்ளே இறக்கிவிட வேண்டும். வாங்குமுன் கண்ணாடியுடனேயே பார்த்து, முழு வட்டமும் தெரிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு இடக்கண்ணுக்கு நடுச் சக்கரத்தையும் வலக்கண்ணுக்கு அதன் அருகிலுள்ள தனி வளையத்தையும் ஒருமுறை சரிசெய்துவிட்டால், அதன்பின் நடுச் சக்கரம் ஒன்றையே திருப்பினால் போதும். பறவையைக் கண்டவுடன் தலையைக் குனிந்து கருவியைத் தேடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமலே கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பறவை தானாகவே நடுவில் வந்து நிற்கும். வீட்டு மாடியிலிருந்து எதிர்க் கம்பியில் உட்காரும் மைனாக்களை வைத்துப் பழகிக்கொண்டால், பூங்காவில் மற்றவர்களைக் காக்கவைக்க வேண்டியிராது.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் ஒருவர் கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுகிறார். உடனே பறவை வெளியே வருகிறது. நல்ல படமும் கிடைக்கிறது. பறவைக்கு இதனால் என்ன கெடுதல் என்று அவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
படிவம் ஐந்து மாணவர், ரவாங்

பதில்: நீங்கள் சங்கடப்பட்டதே சரியான உணர்வு. பறவை ஏன் வெளியே வருகிறது என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் பறவை புகுந்துவிட்டது என்று நம்பி, அதை விரட்டுவதற்காக வருகிறது. அந்த நேரத்தில் அது இரை தேடவில்லை, முட்டையின் மேல் உட்காரவில்லை, குஞ்சுக்கு உணவு கொண்டுபோகவில்லை. கூட்டில் குஞ்சு இருக்கும் வாரங்களில், தாய் தந்தை இல்லாத அந்தச் சில நிமிடங்கள் ஒரு காகத்துக்கோ உடும்புக்கோ போதும். ஒரே பறவையை ஒரு குழு மட்டும் ஒரே ஒரு முறை அழைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் நல்ல படம் கிடைத்த இடம் மறுநாளே எல்லார் கைப்பேசியிலும் பரவிவிடுகிறது. அடுத்த சனிக்கிழமை ஐந்து குழுக்கள் அதே மரத்தடியில் அதே குரலை ஒலிக்கவிடுகின்றன. இல்லாத எதிரியோடு அந்தப் பறவை நாள் முழுவதும் போராடுகிறது.

கூட்டைப் படம் எடுக்க இலைகளை விலக்குவதும், பறவை நல்ல வெளிச்சத்துக்கு வரட்டும் என்று புழுவைக் கம்பில் குத்திவைப்பதும், பறந்தால் சிறகு விரிந்த படம் கிடைக்கும் என்று கைதட்டி எழுப்புவதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றை நான் உறுதியாகக் கண்டிக்கிறேன். உங்கள் வயதில் இதை ஒருவர் குழுவுக்குள் எடுத்துச் சொல்வது எளிதல்ல என்பதை அறிவேன். நண்பரைத் திட்ட வேண்டாம். குழு புறப்படும் முன்பே, இன்று யாரும் குரல் ஒலிக்கவிடுவதில்லை, கூட்டருகே நிற்பதில்லை என்று ஒரு பொது உடன்பாடாக வைத்துக்கொண்டால், யாரையும் தனியாகச் சுட்ட வேண்டியதில்லை. கைப்பேசியில் குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காண விரும்பினால், வெளியே ஒலிக்காதபடி காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். மெர்லின் போன்ற செயலிகள் கற்பதற்கு மிகவும் உதவும். அவை சொல்வதை அப்படியே ஏற்காமல், கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிள்ளானில் உள்ள காகங்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று என் தாத்தா சொல்வார். அது உண்மையா?
வாசகி, கிள்ளான்

பதில்: உண்மைதான். 1890 களில், கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் இலைகளைத் தின்ற கம்பளிப் புழுக்களை ஒழிப்பதற்காக, சாம்பல் நிறக் கழுத்துடைய வீட்டுக் காகத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பின்னர் காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் நிலைத்துவிட்டது. முழுக் கறுப்பும் தடித்த அலகும் உடைய அண்டங்காக்கை இந்த மண்ணுக்கே உரியது. அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. காகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அமாவாசையன்று அதற்குச் சோறு வைத்துவிட்டு உண்பவர்கள் நாம். ஆயினும் ஈரநிலத்தில் அது மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பது கண்கூடு. பூங்காவில் நாம் விட்டுவரும் நாசி லெமாக் பொட்டலமும் வடையின் மிச்சமும் காகங்களையும் மைனாக்களையும் அங்கேயே தங்கவைத்துவிடுகின்றன. குழுவாகச் செல்பவர்கள் காலை உணவை வாகன நிறுத்துமிடத்திலேயே முடித்துக்கொண்டு, குப்பையைத் தம்மோடு திரும்ப எடுத்துவர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: பட்டர்வொர்த் பக்கத்தில் வசிக்கிறோம். கோலாலம்பூர்க்காரர்களைப் போல எங்களுக்கு ஈரநிலப் பூங்கா இல்லை. பினாங்கில் நீர்ப்பறவை பார்க்க எங்கே போவது?
தொழிற்சாலை மேற்பார்வையாளர், பட்டர்வொர்த்

பதில்: கோலாலம்பூர்க்காரர்கள் உங்களைப் பார்த்து ஏங்க வேண்டும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலமூடா வரை நீளும் கடற்கரையை, பறவைகளுக்கு முக்கியமான பகுதி என்று உலகப் பறவைக் காப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் பட்டியலிட்டிருக்கிறது. வேலி இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லாத சேற்றுவெளிதான். ஆனால் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை உள்ள மாதங்களில், சைபீரியாவிலும் சீனாவின் வடபகுதியிலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டு வளர்ந்த உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி ஆகிய கரைப்பறவைகள் அங்கே இறங்குகின்றன. உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ள நார்ட்மன் பச்சைக்காலியும், சீன வெண்கொக்கும் அந்தக் கரையில் பதிவாகியுள்ளன.

இங்கே கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்ற வற்ற அட்டவணைதான் முக்கியம். வற்றத்தின்போது பறவைகள் கரையிலிருந்து வெகுதொலைவு சென்று சேற்றில் மேயும்; எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் புள்ளிகளாகவே தெரியும். ஏற்றம் உச்சத்தை அடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்று, ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்துவிடுங்கள். நீர் ஏற ஏற, சேறு சுருங்கி, பறவைகள் உங்களை நோக்கித் தாமாகவே வரும். முதலில் குட்டைக் கால் உடைய உள்ளான்கள் இடம் மாறும். நீண்ட கால் உடைய மூக்கன்களும் கோட்டான்களும் (இங்கே கோட்டான் என்பது ஆந்தையன்று, வளைந்த அலகுடைய கரைப்பறவை) வயிறு நனையும் வரை நின்றுவிட்டுப் பிறகே எழும். அலகின் நீளமும் காலின் நீளமும் எதற்கு என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம்: மேற்பரப்பில் உள்ள சிறு நண்டை உப்புக்கொத்தி ஓடிக் கொத்துகிறது, விரற்கடை ஆழத்துப் புழுவை உள்ளான் எடுக்கிறது, அதற்கும் கீழே உள்ளதைக் கோட்டானின் வளைந்த அலகு துழாவுகிறது. ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் சண்டையின்றிப் பிழைப்பது இப்படித்தான்.

ஏற்றம் முழுமை அடைந்ததும் அவை ஒரு திட்டிலோ வரப்பிலோ நெருக்கமாகக் கூடி, ஒற்றைக் காலில் நின்று உறங்கும். அந்த நேரத்தில் தயவுசெய்து நெருங்காதீர்கள். பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று, முட்டையிலிருந்து வெளிவந்து ஐந்தே மாதங்கள் ஆன நிலையில், 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில், எங்கும் இறங்காமல் பறந்ததை அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டியது. அது பசிபிக் பெருங்கடலை நேராகக் கடந்த பறவை. அதே இனத்தைச் சேர்ந்தவை நம் மேற்குக் கரையிலும் இறங்குகின்றன. இத்தகைய பயணத்துக்கு முன் அவை தம் எடையை ஏறத்தாழ இரு மடங்காக்கும் அளவுக்குக் கொழுப்பைச் சேர்க்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் உங்கள் கரையில் நிற்கும் பறவை அடுத்துச் செல்லவிருக்கும் இடம் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல். அங்குள்ள சேற்றுவெளிகளில் பாதிக்கும் மேல் கடந்த அரை நூற்றாண்டில் மறைந்துவிட்டன. போகும் வழியில் கடை குறைந்துவிட்ட பயணி, இங்கே கிடைக்கும் உணவைத்தான் நம்பியிருக்கிறார். படத்துக்காக ஒருவர் சேற்றில் இறங்கி நடந்து கூட்டம் முழுவதையும் எழுப்பினால், அவை பல நாள் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. உங்கள் ஊர்க் கரையை இப்படி எண்ணிப் பார்க்கும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு செல்லுங்கள். அங்குள்ள மீனவர்களிடமும் பேசுங்கள். பறவை எந்த மாதத்தில் எந்தத் திட்டில் கூடும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை.

கேள்வி: ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமைதியாக நடக்க வேண்டும் என்றால் அவர்களை அழைத்துச் செல்ல முடியாதா?
தாயார், பூச்சோங்

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்களின் இரண்டரை மணி நேர நடையில் சேர்க்காமல், ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பைனாகுலர் பாரம். எங்கும் ஓடாத பெரிய பறவைகளைக் காட்டினால் கருவியே வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்தி ஒரே கிளையில் வெகுநேரம் உட்காரும். அது மீனைவிட ஓணானையும் வெட்டுக்கிளியையும் அதிகம் பிடிக்கும் என்று சொன்னால், அது அடுத்து என்ன செய்யும் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்து வந்து, கொடுக்கு போகும் வரை கிளையில் அடித்துத் தேய்த்துவிட்டு விழுங்குவதை ஒருமுறை கண்ட குழந்தை மறக்காது. சத்தம் போடாதே என்று அதட்டுவதைவிட, நாம் நிற்கும் இடத்தில் எத்தனை விதமான குரல்கள் கேட்கின்றன என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணும் குழந்தை தானாகவே வாயை மூடிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு பறவை நடையில் கலந்துகொண்டேன். பார்த்ததெல்லாம் வெள்ளைக் கொக்கும் மைனாவும்தான். வழிநடத்தியவரும் இன்றைக்கு ஒன்றும் சிறப்பாக இல்லை என்று சொல்லிவிட்டார். அரிய பறவைகளைப் பார்க்க எப்போது போக வேண்டும்?
வங்கி ஊழியர், சிரம்பான்

பதில்: வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் உங்கள் வழிநடத்துநர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் பார்த்த வெள்ளைக் கொக்கு எது? நம் ஈரநிலங்களில் வெண்மையான கொக்கு என்று ஒன்று இல்லை. குறைந்தது நான்கு இருக்கின்றன. கறுத்த அலகோடு, நீருக்குள் காலை ஆட்டி மீனைக் கலைத்துப் பிடிப்பது சின்னக் கொக்கு; அது பறக்கும்போது கறுத்த காலின் முனையில் மஞ்சள் விரல்களைப் பார்க்கலாம், விரலும் கறுத்த வகை ஒன்றும் உண்டு. சாம்பல் நாரையின் உயரத்துக்கு ஏறத்தாழ நிகராக, கழுத்தில் முடிச்சு விழுந்ததுபோல் வளைவோடு நிற்பது பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் செல்லும். அதே சாயலில் சற்றுச் சிறியதாய், வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடுவது நடுத்தரக் கொக்கு. மாட்டின் பின்னாலும் புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னாலும் நடக்கும் குட்டைக் கழுத்துடையது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் மார்பும் செம்மஞ்சள் நிறம் பெறும்.

குளத்துக்கொக்கு இன்னும் கடினம். சீன இனமும் சாவக இனமும் இங்கே உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒரே பழுப்புக் கோடுகளோடு இருப்பதால், நெடுங்காலம் பழகியவர்களும் இனம் பிரிக்காமல் குளத்துக்கொக்கு என்று மட்டுமே குறித்துக்கொள்வார்கள். மார்ச் பிற்பகுதியில் சீன இனத்தின் தலையும் கழுத்தும் அடர்ந்த செம்பழுப்பாகவும், சாவக இனத்தின் தலை வெளிர்மஞ்சளாகவும் மாறத் தொடங்கும்போதுதான் விடை கிடைக்கும். அடுத்த முறை அதே குளத்துக்கே சென்று, அரிய பறவையைத் தேடாமல், ஒரே ஒரு கொக்கின் முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். நடத்துபவர் உங்களை அவசரப்படுத்தினால், வேறு குழுவைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழக மாணவர்களை அழைத்துச் செல்லவிருக்கிறேன். அவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள் யாருக்கேனும் பயன்படுமா?
ஆசிரியை, காஜாங்

பதில்: ஒழுங்காக எழுதினால் நிச்சயமாகப் பயன்படும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வானிலை, எத்தனை பேர் பார்த்தார்கள், எந்தப் பறவை எத்தனை என்பவை போதும். பார்த்த அழகிய பறவையை மட்டும் எழுதாமல், பார்த்த எல்லாவற்றையும் எழுத வேண்டும். அப்போதுதான், ஒரு பறவை பட்டியலில் இல்லை என்பதும் ஒரு செய்தியாகும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் ஈபேர்ட் தளத்தில், உலகின் எந்தப் பகுதியில் உள்ளவரும் இத்தகைய பட்டியலைப் பதிவேற்றலாம். ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. மலேசியாவிலும் தன்னார்வலர்கள் அதற்காக எண்ணுகிறார்கள். மாணவர்கள் ஒரே குளத்துக்கு மாதம் ஒருமுறை சென்று ஓராண்டு எழுதிவைத்தால், நீலவால் பஞ்சுருட்டான்கள் பெருகும் மாதமும் குறையும் மாதமும், மேம்பாட்டுப் பணி தொடங்கியபின் எந்தப் பறவை வரவில்லை என்பதும் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். ஒரு ஈரநிலத்தைக் காக்க வேண்டும் என்று ஊராட்சியிடம் கேட்கும் நாளில், அழகாக இருக்கிறது என்ற சொல்லைவிட அந்தக் குறிப்பேடு வலுவாகப் பேசும். பெயர் உறுதியாகத் தெரியாத பறவையின் பெயரை ஊகித்து எழுதாமல், தெரியவில்லை என்று எழுதும் பழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: என்ன உடை அணிய வேண்டும்? கொசு அதிகமாக இருக்குமா?
பலர்

பதில்: வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வேண்டாம், பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்களில் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும் என்பதால் கொசு விரட்டி மருந்து தேவை. டீட் கலந்த மருந்தாயின், பூசிய கையைத் துடைத்துவிட்டுப் பைனாகுலரைத் தொடுங்கள். அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும். தண்ணீரும் தொப்பியும் சொல்லாமலே கொண்டுவருவீர்கள்.

கேள்வி: நடைபாதையில் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று கிடந்தது. குழுவில் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாம் என்றார். சரியா?
கல்லூரி மாணவி, ஷா ஆலம்

பதில்: வேண்டாம். சிறகு முளைத்துக் கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு சில நாள் தரையிலும் புதரிலும்தான் இருக்கும். தாய்ப்பறவை அருகிலேயே இருந்து ஊட்டும். நாம் கூட்டமாகச் சுற்றி நிற்கும்வரை அது வராது. பாதையில் மிதிபடும் இடமாக இருந்தால், மெதுவாக எடுத்துப் பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு விலகிச் செல்லுங்கள். மனிதர் கை பட்டால் தாய் ஏற்காது என்பது பொதுவாகச் சொல்லப்படும் தவறான நம்பிக்கை. காயம் பட்டிருந்தால் பூங்கா ஊழியரிடமோ பெர்ஹிலித்தான் அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமமின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஈரநிலத்தில் நாம் காணும் பறவைகளுள் மிகப்பல அந்தப் பட்டியலில் உள்ளவை.

கேள்வி: மாலையில் போவதானால் மழை வந்தால் என்ன செய்வது? கண்காணிப்புக் கோபுரத்தில் ஒதுங்கலாமா?
வாசகர், கெப்போங்

பதில்: கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாகப் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், பிற்பகல் இடிமழை திடீரென்று வரும். திறந்த வெளியில் உயர்ந்து நிற்கும் கோபுரமும், தனி மரமும், நீர்மேல் கட்டிய மரப்பாலமும் மின்னலின்போது இருக்கக் கூடாத இடங்கள். இடியொலி முதன்முறை கேட்டவுடனேயே நடையை நிறுத்தி, கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ திரும்பிவிடுங்கள். கடைசி இடியொலி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மீண்டும் புறப்பட வேண்டாம். குழுவை நடத்துபவர், புறப்படும் முன்பே ஒவ்வொரு பாதையிலிருந்தும் வாகன நிறுத்துமிடத்துக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டு எல்லாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். வயதானவர்கள் உள்ள குழுவானால் மாலை நடையைத் தவிர்த்து, காலையிலேயே செல்லுங்கள்.